முகத்துக்கு ஏதாவது குடுங்கக்கா

சாத்தூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். 16 வருடம் ஆகிறது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கூட்டமாகக் கடையைத் தாண்டிப் போவார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளை மட்டும் பிரிந்து வந்து, வேறு யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "முகத்துக்கு ஏதாவது குடுங்கக்கா" என்று கேட்கும். வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருவார்கள்.

போன ஜூலையில் வந்தவள் ஒன்பதாம் வகுப்பு. ஒரு கையில் மடித்து மடித்துக் கசங்கிய ரூபாய் நோட்டுகள். இன்னொரு கையில் ஒரு டியூப். வாலிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து கழுத்துவரைக்கும் பிதுக்கி எடுத்திருந்தாள். உள்ளே ஒரு சொட்டு மிச்சமில்லை.

"இதே டியூப்தான் வேணும்க்கா."

"எத்தன நாளாப் போடுற?"

"ரெண்டு மாசமா. போட்டா நல்லாயிருக்கு. ரெண்டு நாள் விட்டா எரியுது."

அவளை ஸ்டூலில் உட்கார வைத்தேன். வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பச் சொன்னேன். கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில், கண்ணாடித் தாள் மாதிரி மெலிந்து பளபளத்தன. மூக்கோரத்தில் சிவப்பு நூல் போல இரத்த நாளங்கள். 14 வயதுப் பிள்ளையின் தோல் அப்படி இருக்கக் கூடாது. அது ஸ்டீராய்டு கிரீம், டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் எழுந்து போகும்போது அவள் முகத்தில் ஏமாற்றம்தான் இருந்தது. வேறு ஏதாவது ஒரு கடையில் அவளுக்கு அது கிடைத்திருக்கும் என்ற நினைப்பில் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 1999-இல் அவளைப் போலவே ஒரு மெடிக்கலில் போய் நின்று அதே மாதிரி டியூப்பை நானும் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்போது எனக்கு 15 வயது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். எனக்கு நெற்றியிலும் கன்னத்திலும் பரு நிறைந்திருந்தது. சந்தனம் போட்டோம், வேப்பிலை போட்டோம், பற்பசை போட்டோம். பற்பசை போட்ட இடமெல்லாம் தோல் உரிந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு மதினிதான் டவுனில் ஒரு மெடிக்கலைச் சொன்னாள். அந்தக் கடைக்காரர் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. டிராயரை இழுத்தார், ஒரு சின்ன டியூப்பை எடுத்து வைத்தார், காசை வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் பரு அமுங்கிவிட்டது. இரண்டாவது வாரத்தில் முகம் வெளுத்தது. "என்ன போடுற, இப்பிடி வெளுத்துட்ட?" என்று வகுப்பில் எல்லோரும் கேட்டார்கள். அந்த நாலு மாதம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதனால்தான் இன்றைக்குக் கடைக்கு வரும் பிள்ளையைப் பார்த்து, "இதையெல்லாம் ஏன் போடுற?" என்று அதட்ட எனக்கு மனம் வருவதில்லை.

பரீட்சை லீவுக்கு ஆச்சி ஊருக்குப் போனேன். டியூப்பை எடுத்துப் போக மறந்துவிட்டேன். ஐந்தாவது நாள் காலையில் முகம் கழுவப் போனால் தண்ணீர் பட்டதும் நெருப்புப் பட்டது போல எரிந்தது. கன்னமெல்லாம் சிவந்து, கொத்துக் கொத்தாக ஒரே அளவில் பருக்கள். முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு. இரண்டு கன்னத்திலும் பூனைமுடி வேறு கருகருவென்று வளர்ந்திருந்தது. ஊருக்கு ஓடிவந்து மறுபடி பூசினேன். இரண்டே நாளில் அடங்கியது. இந்த மருந்து ஆளைப் பிடிப்பது இந்த இடத்தில்தான். வியாதியும் அதுவே, வைத்தியமும் அதுவே என்று ஆகிவிடும். ஒன்றரை வருடம் அப்படி ஓடியது.

கடைசியில் திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். "நிறுத்தினா மூணு மாசம் அழுவ. நிறுத்தலைன்னா ரொம்ப நாள் அழுவ" என்றார். மூன்று மாதம் இல்லை, ஆறு மாதம் ஆனது. இப்போதும் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றால் என் கன்னம் சிவந்துவிடும். மூக்கோரத்துச் சிவப்பு நூல்கள் போகவே இல்லை. மருந்துக்கடைப் படிப்பான டி.ஃபார்ம் படிக்கப் போனதுக்கு வீட்டில் வேறு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் அந்த டிராயர்தான்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு டாக்டர் அளந்து கொடுக்கும்போது அது அருமையான மருந்து. வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும், இரத்த நாளங்களைச் சுருக்கும். அதனால்தான் முகம் வெளுத்த மாதிரி தெரிகிறது. மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் பழுதான முகம்' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் பூசும் ஸ்டீராய்டுகளுக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கை எடுத்துவிட்டு, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. சட்டம் வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. டியூப்பின் பெட்டியைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன் என்று எதையாவது பார்த்தால் அது ஸ்டீராய்டு. 'சோன்' என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, குளோபெட்டசாலும் ஃபுளுவோசினோலோனும் தப்பிவிடும்.

சரி, பிள்ளைகள் முகத்தில் என்னதான் நடக்கிறது? இதை நான் என் அக்கா மகளுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். அவளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. தன் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மற்றதையெல்லாம் எழுதிக்கொள்ளச் சம்மதம்.

முகம், நெஞ்சு, மேல்முதுகு இங்கெல்லாம் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையவே கிடையாது. அதனால்தான் உள்ளங்கையில் யாருக்கும் பரு வருவதில்லை. பிறந்த குழந்தைக்கு அம்மாவின் ஹார்மோன் வேகத்தில் கொஞ்ச நாள் இந்தச் சுரப்பிகள் வேலை செய்யும். அப்புறம் வருடக் கணக்கில் தூங்கும். ஆண், பெண் இருவர் உடம்பிலும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடத் தொடங்கும்போது மறுபடி விழிக்கும். பெண் பிள்ளைகளுக்கு வயதுக்கு வருவதற்கு முன்பே நெற்றியில் பொடிப்பொடியாகத் தட்டுப்படுவது இதனால்தான். எண்ணெய் கூடுகிறது. மயிர்க்கால் வாயில் செத்த செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. எல்லோர் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி அந்த எண்ணெயில் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கப் போய்ச் சிவந்து, வீங்கி, பழுக்கிறது. பருவ வயதில் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்காவது கூடவோ குறையவோ இது வரும்.

"அப்ப நான் அழுக்கா இல்லயா சித்தி?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு நாளைக்கு ஏழு தடவை சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள் அந்தப் பிள்ளை. மூக்கின் மேலிருக்கும் பிளாக்ஹெட்டின் கருப்புகூட அழுக்கு கிடையாது. வாய் திறந்த அடைப்பில் இருக்கும் நிறமியும் எண்ணெயும் காற்றுப் பட்டுக் கருத்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. தோலுக்கென்று லேசான அமிலத்தன்மை இருக்கிறது. சாதாரணச் சோப்பு அதற்கு நேர்மாறாகக் காரத்தன்மை உள்ளது. ஏழு தடவை போட்டால் தோல் வறண்டு, எரிந்து, கெட்டுப் போகத்தான் செய்யும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு தடவை, மென்மையான ஃபேஸ்வாஷ், விரல் நுனியால், தேய்க்காமல். விளையாடி வியர்த்து வந்தால் வெறும் தண்ணீர். அவளுக்கு அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் நெற்றியை செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் சாய்த்து அடித்ததும் தெரிந்தது: ரவையைத் தூவியது போலப் பொடிப் பொடி மேடுகள். புருவத்துக்கு மேலே குறைவு. தலைமுடி தொடங்கும் ஓரத்தில் வரிசை கட்டி நின்றன. வகிடு வந்து நெற்றியைத் தொடும் இடத்தில் கொத்தாக இருந்தன. விரலை வைத்துத் தடவினால் வழுக்கியது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

அக்காவுக்குப் பிள்ளையின் தலைமுடிமேல் உயிர். தினமும் காலையில் உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றி, அழுத்தித் தேய்த்து, ரெட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டித்தான் பள்ளிக்கு அனுப்புவாள். எங்கள் ஊர் வெயிலில் பத்து மணிக்கே அந்த எண்ணெய் உருகி நெற்றிக்கு இறங்கிவிடும். வியர்வையைத் துடைக்கிறேன் என்று கர்ச்சீப்பால் அதை முகம் முழுக்கப் பூசிவிடுவாள் பிள்ளை. 1970-இல் அமெரிக்காவில் தோல் மருத்துவர்கள் இதே மாதிரி நெற்றிப் பருவைக் கவனித்து, தலையில் தடவும் பொமேடின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அவர்களுக்குப் பொமேடு, நமக்குத் தேங்காய் எண்ணெய்.

இதை அக்காவிடம் சொல்வதற்குள் பெரும்பாடு பட்டேன். "எண்ணெ வைக்காம அனுப்புனா ஸ்கூல்ல பரட்டத்தலைன்னு நிக்க வைப்பாங்க. நம்ம அம்மா நமக்கு வைக்கலயா?" என்றாள். வைத்தாள்தான். எனக்கும் நெற்றி முழுக்கப் பொரிதான். ஒரு வழியாக ஒப்பந்தம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு நன்றாக அலசுவது. பள்ளி நாட்களில் தண்ணீர் தொட்டு வாரி, சடையின் நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டு. தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்றுவது. மருந்து ஒன்றும் போடாமலே ஆறு வாரத்தில் நெற்றி பாதி சரியாகிவிட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து, அரிப்பும் இருந்தால் அது பருவாக இல்லாமல் மலசேசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். பரு சாதாரணமாக அரிக்காது. அரித்தால் டாக்டரிடம் காட்டுங்கள், வைத்தியமே வேறு.

அவள் கன்னமும் தாடையும்தான் கவலையாக இருந்தது. போன வைகாசியில் அவளுக்குச் சடங்கு வைத்தோம். மேக்கப் போட வந்த அம்மா பருவெல்லாம் மறையட்டும் என்று கனமாக அப்பிவிட்டார். அந்த வெக்கையில் நாலு மணி நேரம். மறுநாள் கன்னம் முழுக்கப் பழுத்துவிட்டது. அதைவிட மோசம், மாலை போட்டு உட்கார்ந்திருந்தவளிடம் வந்தவர்கள் பேசிய பேச்சு. "முகமெல்லாம் என்ன இப்பிடி?" "என் மகளுக்கு எலுமிச்சம்பழம் தேச்சோம், போயிருச்சு." "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்." ஆசீர்வாதம் பண்ண வந்த இடத்தில் ஏன் இதைச் சொல்கிறோம்? தினமும் கண்ணாடியில் பார்க்கிற பிள்ளைக்குத் தெரியாததையா நாம் கண்டுபிடித்துச் சொல்கிறோம்? ஆல்பம் வந்தது. போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் ஒரு பரு விடாமல் துடைத்து, நிறத்தையும் இரண்டு சாயல் ஏற்றியிருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு சித்தி?" என்று கேட்டாள். அந்த ஆல்பத்தை அவள் அப்புறம் திறக்கவே இல்லை.

எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சில பேருக்குத் தோல் வெந்து, கருப்பாகத் தாரை தாரையாகத் தழும்பு விழும். அதிலிருக்கும் ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து செய்யும் வேலை அது. பழத்தைப் பிழிந்த கையிலேயே அப்படி வந்து கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாசிப்பயறு மாவு பாவம், அது ஒன்றும் செய்யாது. உடம்புக்குத் தாராளமாகத் தேயுங்கள். பழுத்த பரு இருக்கும் முகத்தில் மட்டும் கொரகொரப்பான எதையும் வைத்துத் தேய்க்க வேண்டாம்.

பரு ஒரு வாரத்தில் அமுங்கும். அது விட்டுப்போகும் கருப்புத்தடம் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் ஆறு மாதம்கூட இருக்கும். கிள்ளினால் இன்னும் ஆழமாக விழும். வெயில் பட்டால் இன்னும் கருக்கும். அதனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வெயிலைத் தடுக்கும் அளவு எஸ்பிஎஃப் 30 என்று போட்ட, ஜெல் மாதிரி லேசான சன்ஸ்கிரீன் போட்டுவிடலாம். அதற்கு வசதி இல்லை என்றால் குடை. குடை பிடிக்க வெட்கப்படும் பையன்களுக்குத் தொப்பி.

அக்கா மகளை விருதுநகருக்குக் கூட்டிப்போய்த் தோல் டாக்டரிடம் காட்டினோம். நானே மருந்து விற்கிறவள்தானே, எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று அத்தான் கேட்டார். அந்த டிராயரை இழுக்கிற ஆளாக நான் ஆகக் கூடாது என்பதுதான் என் பதில். டாக்டர் அடாபலீனும் 2.5 சதவீதம் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஒரு ஜெல் எழுதினார். அடாபலீன் மயிர்க்கால் வாய் அடைபடாமல் பார்க்கும். பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும், அந்தக் கிருமி அதற்குப் பழகிப்போவதும் இல்லை. ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போட்டால் கிருமி பழகிவிடும், அப்புறம் எடுபடாது. பென்சாயில் பெராக்சைடில் 10 சதவீதம் கேட்டு வருவார்கள், அதிகம் என்றால் நல்லது என்று. 2.5-ஏ ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எரிச்சல் குறைவு.

போடும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அவள் முதல் நாள் ஒவ்வொரு பருவின் தலையிலும் பொட்டு வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். விரல் நுனியில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு. அதை நெற்றியில் ஒன்று, கன்னத்துக்கு ஒன்று ஒன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று என ஐந்து புள்ளியாக வைத்து, கண்ணோரமும் உதட்டோரமும் விட்டு, முகம் முழுக்க மெல்லிசாகப் பரப்ப வேண்டும். இன்று வந்திருக்கும் பருவுக்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு, அடுத்த மாதம் வரப்போகும் பருவைத் தடுப்பதும் அந்த மருந்தின் வேலை. முகம் கழுவிய ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு போட வேண்டும். ஈரத்தில் போட்டால் எரியும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். போட்ட மருந்துக்கு மேலே எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர். "ஏற்கெனவே எண்ணெய் வழியுது, இது வேறயா?" என்றாள். போடத்தான் வேண்டும். இல்லையென்றால் தோல் உரிந்து, மருந்தையே விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது வாரம் விட்டுவிட்டாள். தோல் செதில் செதிலாக உரிந்தது, புதிதாக நாலைந்து பரு கிளம்பியது. டியூப்பைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்து அழுதாள். தோழி ஒருத்தி வேறொரு டியூப் சொன்னாளாம், மூன்று நாளில் போய்விடுமாம். அதை வாங்கித் தருவாயா மாட்டாயா என்று என்னிடமே கேட்டாள். அன்றைக்குத்தான் என் 1999-ஆம் வருடத்துக் கதையை அவளிடம் முதன்முதலாகச் சொன்னேன். ஆச்சி ஊர், ஐந்தாவது நாள், எரிந்த முகம் எல்லாம். என் மூக்கோரத்தை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து டியூப்பை அவளே எடுத்தாள்.

இந்த ஜெல் வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகும். இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மூன்று நாளில் முகத்தை மாற்றும் எதையும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் கணக்கு: அடைப்பு உருவாகி, அது பருவாக வெளியே வருவதற்கே வாரக்கணக்கு ஆகிறது.

கையால் தொட்டால் வலிக்கும் கட்டி கட்டியான பரு, தழும்பு குழியாக விழுவது, பையன்களுக்கு முதுகு முழுக்க வருவது, இவற்றுக்கெல்லாம் தாமதிக்காமல் டாக்டர்தான். பெண் பிள்ளைக்கு வயதுக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆன பிறகும் மாதவிலக்கு ஒழுங்காக வராமல், தாடையில் முரட்டு முடியும் பருவும் சேர்ந்து வந்தால் அதையும் காட்டுங்கள். அப்புறம் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை. கடுமையான பருவுக்கு அதைப்போல வேலை செய்யும் மருந்து வேறில்லை. ஆனால் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடிய பாதிப்பு உண்டாக்கும் மருந்து அது. யாரோ சாப்பிட்ட அட்டையைக் கொண்டுவந்து காட்டி, "இதில் பத்து" என்று கேட்கிறார்கள். நான் தருவதில்லை.

இன்னொரு பிள்ளையின் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 12 வயதுப் பையன். அவன் அம்மா கழுத்துக் கருப்புக்கு கிரீம் கேட்டு வந்தார். பின்கழுத்து கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. அதற்கு மேல் புண். "சொன்னா கேக்க மாட்டான், ஒழுங்காத் தேச்சுக் குளிக்க மாட்டான். நானே பீர்க்கங்கூட்ட வச்சுத் தேச்சேன்" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது அழுக்கே கிடையாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் இரத்தத்தில் கூடும்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் அப்படித் தடித்துக் கருக்கும். பீர்க்கங்கூடு வைத்து இரத்தம் வரத் தேய்த்தாலும் போகாது. கிரீமுக்குப் பதிலாகச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அந்த அம்மாவுக்குக் கோபம், சின்னப் பிள்ளைக்குப் போய்ச் சர்க்கரையா என்று. பத்து நாள் கழித்து வந்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறதாம், எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கிட்டேனே" என்று கண் கலங்கினார். தெரியாமல் செய்ததுதான். தெரிந்தவர்கள் சொல்லாமல் இருந்ததும் அதில் சேரும்.

பையன்கள் கடைக்கு வந்து எதையும் வாய் விட்டுக் கேட்க மாட்டார்கள். அக்குள் வாடைக்கு சென்ட் மாதிரி ஏதாவது என்று சுற்றி வளைப்பார்கள். அந்த வயதில் அக்குளில் புதுவகை வியர்வைச் சுரப்பி வேலை செய்யத் தொடங்குகிறது. வியர்வைக்கு வாடை இல்லை, அதைத் தின்னும் கிருமிகளால் வருவது. தினமும் குளித்து, துவைத்த பனியன் போட்டாலே பெரும்பாலும் போதும். படிகாரத்தை நனைத்துத் தடவும் பழைய பழக்கமும் நல்லதுதான். நெஞ்சிலும் முதுகிலும் வெளிர் திட்டாக வரும் தேமலும் இந்த வயதில் கூடும். தோலின் எண்ணெயைத் தின்று வாழும் பூஞ்சை அது. பூஞ்சையைக் கொல்லும் கீட்டோகோனசோல் போட்டால் போகும், ஆனால் நிறம் திரும்ப மாதக்கணக்கு ஆகும். தொடையிலும் இடுப்பிலும் விழும் வரிகளுக்குப் பிள்ளைகள் பயந்து போகிறார்கள். வேகமாக வளர்வதால் விழும் வரிகள் அவை. சிவப்பாகத் தொடங்கி, வெளிறி, மங்கிவிடும். விற்கிற கிரீம் எதுவும் அதை முழுசாக அழிக்காது.

இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளை, வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் சீரம் கேட்கிறது. 2024-இல் ஸ்வீடனில் ஒரு மருந்துக்கடைத் தொடர், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வீரியமான அமிலமும் வைட்டமின் ஏ-யும் உள்ள சருமப் பூச்சுகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் விற்பதில்லை என்று முடிவெடுத்தது. படித்தபோது அந்தக் கடைக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஜூலையில் வந்த பெண் செப்டம்பரில் மறுபடி வந்தாள். தனியாக வரவில்லை, அவள் அக்காவும் கூட வந்திருந்தாள். இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தது. அக்காவின் கையில் டாக்டர் சீட்டு. மருந்தை எடுத்துக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று பட்டாணியை வைத்தே காட்டினேன். எரியும்போது பயப்படாமல் இருக்க, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியை ஒற்றிக்கொள்ளச் சொன்னேன். நடுவில் ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றினால் எந்நேரமும் வரச் சொன்னேன்.

அக்கா மகளுக்கு இது பதினோராவது வாரம். கன்னம் தெளிந்து வருகிறது, பழைய தடங்கள் மங்குகின்றன. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் தாடையில் ஒன்றிரண்டு வரும், வந்து போகும். ஒன்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தும் நாங்கள் மறந்துவிட்டோம். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை எடுத்துவிடும். அக்கா தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த அரக்கு நிறத் தலையணை உறையில், பிள்ளை ஒருக்களித்துப் படுக்கும் பக்கம், கன்னம் படும் இடத்தில் வெளிறிய ஒரு பெரிய வட்டம். முகம் துடைக்கும் நீலத் துண்டிலும் அப்படியே. நான் இரண்டு வெள்ளைத் துண்டும் வெள்ளை உறையும் வாங்கிப்போய்க் கொடுத்தேன். அரக்கு உறையைத் தூக்கிப் போடத்தான் எடுத்தாள் அக்கா. "இருக்கட்டும்மா" என்று வாங்கி, துவைத்து மடித்து, தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள் பிள்ளை.